சென்சார் மேல் பழி போடும் முன்: பழைய டீசல் பிக்கப்பில் கோளாறு கண்டறிய முழுமையான வழிகாட்டி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உர மூட்டைகளோடு ஏறும்போது என் பிக்கப் ஒரே மாதத்தில் மூன்று முறை நின்றுபோனது. மூன்று முறையும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் காட்டியது பி 0335 என்ற ஒரே கோடு, அதாவது பழுதுக் குறியீடு. இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் பழுது என்பது அதன் பொருள். முதல் முறை ஒரு சென்சார் மாற்றினோம். இரண்டாம் முறை, அது போலிச் சரக்காக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, விலை கூடிய இன்னொன்றை மாற்றினோம். மூன்றாம் முறை நின்றபோது வண்டியை ஓரங்கட்டி, கல் போட்டு, பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, கை பிரேக்கைப் போட்ட நிலையில் முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி விடும்படி உதவிக்கு வந்த தம்பியிடம் சொன்னேன். இன்ஜின் ஒரு பக்கமாக இரண்டு விரற்கடை எழுந்து விழுந்தது. இடது பக்க மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. ஏற்றத்தில் இன்ஜின் திமிறும்போதெல்லாம் செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் போகும் வயர் கட்டு இழுபட்டு, தகர பிராக்கெட்டின் விளிம்பில் உரசி, உள்ளே செம்பு தெரியும் அளவுக்கு உறை தேய்ந்திருந்தது. கழற்றிப் போட்ட இரண்டு சென்சார்களும் நல்ல நிலையில்தான் இருந்தன.

கோடு என்பது எந்தச் சர்க்யூட்டிலிருந்து புகார் வந்தது என்பதை மட்டுமே சொல்லும். குற்றவாளி யார் என்பதைச் சொல்லாது. புது வண்டியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பத்து வருடம் ஓடிய வண்டியிலோ வயர், எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), ரப்பர், பேரிங், பம்ப் எல்லாமே சேர்ந்து வயதாகியிருப்பதால், சென்சார் பெயரில் வரும் புகார்களில் பெரும்பகுதி வேறு எங்கோ தொடங்கியவையாக இருக்கும். ஆகவே கீழே சொல்லும் வரிசையில் சென்சாரை மாற்றுவது எப்போதும் கடைசி வேலையாகத்தான் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி நடைமுறைக்கு வருவதற்கு முன் விற்ற, இரண்டரை லிட்டர் அளவிலான காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் பிக்கப்பை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்

முதலில் ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: கோளாறு வரும்போது இன்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, வண்டியில் பாரம் இருந்ததா, ஏற்றமா சமதளமா, மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு வந்ததா. சூட்டில் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும் வண்டியையும், காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும் வண்டியையும் ஒரே மாதிரி ஆராயக் கூடாது. முன்னதில் கிராங்க் சென்சாரின் உள்சுருள், ரிலே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் உள்கசிவு ஆகியவற்றின் மேல் சந்தேகம் போகும். பின்னதில் இரவெல்லாம் டீசல் டேங்குக்குத் திரும்பி வடிந்து பைப்பில் காற்று நிற்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வண்டியில் பிறகு சேர்த்தவற்றைத் தேடுவது. கூடுதல் ஹாரன், பனிமூட்ட விளக்கு, பாட்டுப் பெட்டி, ஜிபிஎஸ் கருவி என்று பத்து வருடத்தில் பத்துப் பேர் வயரில் கை வைத்திருப்பார்கள். இவற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. எலக்ட்ரானிக் வகைக் கருவிகளில் பல, ஆக்சிலேட்டர் பெடலின் சிக்னல் வயர்களை வெட்டி அவற்றின் நடுவே இணைக்கப்படுபவை. வெட்டிய இடத்தில் ஈயம் வைத்துப் பற்ற வைக்காமல், முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருந்தால், சில வருடங்களில் பெடல் சென்சார் புகார் வருவது ஏறக்குறைய உறுதி. வயல் ஓரத்திலும் குடோனிலும் நிறுத்தும் வண்டியாக இருந்தால் எலி கடித்திருக்கிறதா என்று இன்ஜின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டிய வேலை.

பேட்டரியும் எர்த்தும்

நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இதற்குப் போதும். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. அதற்குக் கீழே போனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தடுமாறி, சம்பந்தமே இல்லாத நான்கைந்து கோடுகளை ஒன்றாகப் பதிவுசெய்யும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது சரி. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மின்சார ஏற்ற இறக்கம் சென்சார் சிக்னல்களிலும் கலந்துவிடும்.

எர்த்தைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொரு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால், வெளியே புதிதாகத் தெரிந்தாலும் அந்த எர்த் வயர் உள்ளே அரித்துப்போயிருக்கிறது. இதே சோதனையை இன்ஜின் ஓடும்போது, எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, சென்சாரின் எர்த் பின்னில் செய்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் சேசிஸோடு எர்த் சேரும் போல்ட்டின் அடியில் பச்சை பூத்திருக்கும்; அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மூடியதிலேயே தீர்ந்த 'சென்சார் கோளாறுகள்' பல.

கோடுகளைப் படிக்கும் விதம்

இப்போதுதான் ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின்னுக்குப் பேட்டரி மின்சாரமும் 4, 5ஆம் பின்களுக்கு எர்த்தும் வர வேண்டும். ஸ்கேனர் உயிர் பெறவே இல்லை என்றால் முதலில் அந்த ஃப்யூஸைப் பாருங்கள். மலிவான ப்ளூடூத் கருவிகள் பழைய வண்டிகளின் எல்லாத் தகவல்களையும் காட்டாது. ரெயில் பிரஷர் எண்ணை நேரலையாகக் காட்டுகிறதா என்பதே ஒரு கருவி நம் வேலைக்கு உதவுமா என்பதற்கான சோதனை.

எல்லாக் கோடுகளையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் பதிவானது என்ற விவரம் கிடைத்தால் அதையும் குறித்துக்கொண்டு, பிறகு அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்ப முதலில் வரும் கோடுதான் முக்கியம். மற்றவை பெரும்பாலும் அதன் வால்கள்.

கோட்டின் சொற்களையும் கவனியுங்கள். 'சர்க்யூட் ஹை', 'சர்க்யூட் லோ' என்று வருபவை மின்சாரப் புகார்கள்: வயர் அறுந்தது, எர்த்தில் தொட்டது போன்றவை. 'ரேஞ்ச், பெர்ஃபார்மன்ஸ்' என்று வருபவை வேறு ரகம். சிக்னல் ஒழுங்காக வருகிறது, ஆனால் அது சொல்வதை இசியூவால் நம்ப முடியவில்லை என்பதே அவற்றின் பொருள். அந்த இரண்டாம் ரகத்தில் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், கோளாறு இன்ஜினில் இருக்கும். பி 0087, அதாவது ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்ற கோடு, இதற்கு நல்ல உதாரணம்: அதைப் பார்த்து பிரஷர் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் அதிகம் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை மாற்றுவதைப் போன்றது.

5 வோல்ட்டைத் தேடுதல்

பிரஷர், பெடல் போன்ற சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் அனுப்புகிறது. பல வண்டிகளில் இரண்டு, மூன்று சென்சார்கள் ஒரே 5 வோல்ட் கிளையைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து சாய்ந்துவிடும். நாம் மூன்று கோடுகளைப் பார்த்து மூன்று சென்சார் வாங்கக் கிளம்புவோம். சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் 4.8 முதல் 5.2 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தக் கிளையில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுவே கெட்டது. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வயர் எங்கோ சேசிஸைத் தொடுகிறது. மீட்டரின் கூர்முனையைக் கனெக்டர் துளையின் முன்பக்கமாகக் குத்தி அகலப்படுத்திவிடாதீர்கள். அதுவே அடுத்த மாதக் கோளாறாக முளைக்கும்.

சென்சார்கள்

காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் தண்ணீர்ச் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, டீசலின் சூடு ஆகிய மூன்றையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மூன்றும் வெளிக்காற்றின் சூட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அது பொய் சொல்கிறது. அதேபோல் இன்ஜின் ஓடாதபோது, டர்போ தரும் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் பிரஷர் சென்சார் ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், உதகையில் 77, 78 அளவிலும். ரெயில் பிரஷர் சென்சாரில், நிறுத்திச் சில நிமிடங்கள் ஆனபின், அரை வோல்ட் அளவு வர வேண்டும். காசில்லாமல், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் செய்யக்கூடிய இந்த மூன்று சோதனைகளைப் பட்டறைகளில் ஏனோ யாரும் செய்வதில்லை.

தண்ணீர்ச் சூடு சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. பரவலான வகைகளில் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். கழற்றி, வெந்நீரில் வைத்து அளக்கலாம். சென்சாரா வயரா என்று பிரித்தறிய இன்னும் எளிய வழி உண்டு: கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனரில் மைனஸ் 40 வர வேண்டும், கனெக்டரின் இரண்டு பின்களையும் சிறு வயரால் இணைத்தால் எண் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியூவும் சரி. சில இசியூக்கள் கழற்றியவுடன் ஒரு மாற்று எண்ணைத் தாமே போட்டுக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிராங்க் சென்சாருக்கு முதல் சோதனை செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் எண் எழுகிறதா என்று பார்ப்பது. இன்ஜின் சுற்றுகிறது, எண் மட்டும் பூஜ்யமாகவே நிற்கிறது என்றால் சிக்னல் இசியூவுக்குப் போகவில்லை. இரண்டு வயர் உள்ள காந்தச் சுருள் வகையானால் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் ஓம் வரை மின்தடை இருக்கும்; அதைக் குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்துவிட்டு நல்லதென்று முடிவுகட்டாமல், வண்டி சூட்டில் நின்ற அந்த நிமிடத்திலேயே அளக்க வேண்டும். மூன்று வயர் உள்ள ஹால் வகையை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. எந்த வகையானாலும் கழற்றியதும் அதன் முனையைப் பாருங்கள்: இரும்புத் துகள் மீசை போல ஒட்டியிருந்தால், அதைத் துடைத்து மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள், அந்தத் துகள் எங்கிருந்து தேய்ந்து வருகிறது என்பது தனிக் கேள்வி.

ஆக்சிலேட்டர் பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் ஒன்றின் வோல்ட் மற்றதைப் போல் இரு மடங்கு. மெதுவாக மிதிக்கும்போது இரண்டும் அந்த விகிதத்தை விடாமல் ஏற வேண்டும். நடுவில் தடுமாறினால் இசியூ இன்ஜின் வேகத்தைக் கட்டிவைத்துவிடும். பெடல் புகாருக்குப் பிரேக் பெடல் சுவிட்சும் காரணமாகலாம். அதில் இரண்டு காண்டாக்ட்கள் உண்டு. ஒன்று ஒட்டிக்கொண்டால், ஓட்டுநர் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதிப்பதாக இசியூ எடுத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

கனெக்டர் உடைந்திருந்தால், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் வயர் வாலோடு கனெக்டர் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். சென்சாரைப் பழையதாக வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். நம் வண்டியில் வயதானது போல அதுவும் இன்னொரு வண்டியில் வயதானதுதானே.

டீசல் வரும் பாதை

இழுவை இல்லை, ஏற்றத்தில் திடீரென வேகம் கட்டப்படுகிறது, பி 0087 வருகிறது என்றால் தேடல் டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. காமன் ரெயிலில், ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐடிலிங்கிலேயே 250 முதல் 350 பார் அழுத்தம் இருக்கும். பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்த்த பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. மயிரிழைக் கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேட விரலைப் பயன்படுத்தாமல் அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் டேங்கின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. பிறகு ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். அதன் பின் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே சிறிது நீளத்துக்குத் தெளிவான டியூபைப் பொருத்தி ஓட்டினால் காற்றுக் குமிழ்கள் வருவது கண்ணுக்குத் தெரியும். தொடர்ந்து வந்தால் கை பம்பின் வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப் இவற்றில் ஒன்று காற்றை இழுக்கிறது.

இத்தனையும் சரி என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள தெளிவான டியூபை மாட்டி, நான்கு ஒரே மாதிரி பாட்டில்களில் விட்டு, திரும்பும் பைப்பின் வாயை அடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு சேர வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு, மூன்று மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டரின் உள்வால்வு தேய்ந்துவிட்டது. பம்ப் ஏற்றும் அழுத்தம் அதன் வழியாகவே வீணாகிறது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் இதுதான் அடிக்கடி அகப்படும் காரணம்: செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் 150, 200 பாரைத் தொடாவிட்டால் இசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. நான்கும் சமமாக இருந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் மட்டும் பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வையும், கடைசியாகப் பம்பையும் சந்தேகியுங்கள். பம்பில் கை வைப்பதற்கு முன், கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளில் வெள்ளி நிறப் பொடி மின்னுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இரும்புப் பொடி டேங்க் வரைக்கும் சுற்றியிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதங்களில் அதே வழியில் போகும்.

காற்று, வேக்குவம், சூடு

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 625 மில்லிலிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிராம். எனவே ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் ஒரு முறை இழுக்கும் காற்று அதிகபட்சம் 700 மில்லிகிராம் அளவு. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வை மூடிய நிலையில் வைத்து, அதாவது அதன் வேக்குவம் ஹோஸையோ கனெக்டரையோ கழற்றிவிட்டுப் பார்த்தால், ஸ்கேனரில் இதில் பத்தில் எட்டுப் பங்காவது தெரிய வேண்டும். பாதிதான் தெரிகிறது என்றால் மூன்று சாத்தியங்கள்: சென்சார் அழுக்கு, ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது கரி படிந்து வால்வு மூடாமல் நிற்பது. சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவ வேண்டும், துணியோ ஊதுகாற்றோ படக் கூடாது. இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்பவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள். அது மாசுச் சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம்; காற்றுக் கணக்கு பொருந்தாமல் புதிய கோடு வரும் என்பது மறுபுறம். கரியைச் சுரண்டிக் கழுவ அரை நாள் போதும்.

டர்போ அழுத்தம் குறைவு என்ற புகாரில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக இருக்கும் இடத்தில்தான் காற்று வெளியேறுகிறது. பல டீசல் பிக்கப்களில் பிரேக்குக்கும் டர்போ கட்டுப்பாட்டுக்கும் உறிஞ்சுவிசை தரும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் வாலிலேயே இருப்பதால், பிரேக் பெடல் கல்லாக இருப்பதும் டர்போ வேலை செய்யாததும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டையும் தனித்தனியாகத் துரத்தாமல் அந்தப் பம்பையும் அதன் ஹோஸையும் முதலில் சோதியுங்கள்.

ஏற்றத்தில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டரின் மண் அடைப்பும் ஃபேன் கிளட்ச்சும். சமதளத்திலும் ஏறினால் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ததும் குமிழ்கள் விடாமல் வந்தால், இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சேசிஸுக்குக் கீழே

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டும் சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும். கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி கேட்டால் பிரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி ஆட்டிப் பாருங்கள். கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அங்கேயே ஆட்டம் தெரியும். ஓடும்போது வரும் முனகல் ஆக்சிலேட்டரை விட்டதும் தொனி மாறினால் பின் ஆக்சிலின் கிரவுன் பல்சக்கரம், வளைவில் திரும்பும்போது மாறினால் வீல் பேரிங்.

எல்லோரும் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். வயர் இல்லாத சென்சார் என்றே இதைச் சொல்லலாம். அதிகப் பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்ட வண்டி பாரத்திலும் தாழாது. வால்வு அதைக் காலி வண்டி என்றே எண்ணி, இரண்டு டன்னோடு இறங்கும்போதும் பின் பிரேக்கைக் கட்டியே வைத்திருக்கும். முன் பேட் மட்டும் சீக்கிரம் தேய்வதும், மலை இறக்கத்தில் முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை வருவதும் இதன் அடையாளங்கள். எந்த ஸ்கேனரிலும் இதற்குக் கோடு வராது. பட்டை மாற்றினால் வண்டித் தயாரிப்பாளரின் அளவுப்படி அந்தக் கம்பியையும் சரிசெய்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்துவிட்டு, கோளாறு வந்த அதே நிலைமையில், அதே சூட்டில், அதே பாரத்தில், அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். என் வண்டியில் மவுண்டிங் ரப்பரை மாற்றி, தேய்ந்த வயரை வெட்டி ஈயம் வைத்து இணைத்து, பிராக்கெட் விளிம்பில் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைப் பிளந்து மாட்டினோம். பிறகு அதே அளவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறினோம். எழுபதாவது வளைவு வரை செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை.